அவசரப்பட்டா கரிஞ்சிரும்

எங்கள் வீட்டில் மாம்பழ ஜூஸ் வாங்குவதில்லை. வளைகுடாவில் நாங்கள் இருக்கும் முவைலாவில், தெருமுனை கஃபட்டேரியாவில் மாம்பழம் அரைக்கும் நேரமென்றால் நான் எதிர்ப்பக்கமாக நடந்து போவேன். சின்ன வயதில் கொட்டை வரைக்கும் சூப்பித் தின்றவள்தான். அந்த வாசனையே குமட்டும்படி ஆனதற்கு ஒரு மனிதர் காரணம். அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. மரியாதைக்காக என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். என் வீட்டுக்காரரின் அக்கா கணவர் அவர். இவர் அவரை அத்தான் என்பார். முறைக்கு எனக்கு அண்ணன் என்பதால் நான் அண்ணாச்சி என்பேன். எங்கள் ஹாலில் குடியிருந்த காலம் முழுக்க அவர் பெயரைச் சொல்ல எனக்கு அவசியம் வந்ததில்லை. இனிமேலும் வராது.

அவரை நினைத்தால் முதலில் கைதான் ஞாபகத்துக்கு வரும். மெலிந்த, சுத்தமான விரல்கள். நகத்தில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. சாப்பாட்டு மேஜையில் டிஷ்யூவை விரித்து, வேப் என்கிற எலெக்ட்ரானிக் சிகரெட்டைக் கழற்றி ஒவ்வொரு பாகமாக வரிசையாக வைப்பார். நடுவில் காயில். வேப் இழுக்காதவர்களுக்குக் காயில் என்றால் என்னவென்று தெரியாது, எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. விரல்நுனி அளவுக்கு ஓர் உலோகக் குழல். உள்ளே கம்பிச்சுருள், அதைச் சுற்றிப் பஞ்சு. டேங்கில் இருக்கும் லிக்விட்டைப் பஞ்சு உறிஞ்சும், கம்பி சூடாகும், புகை வரும். பஞ்சு காய்ந்திருக்கும்போது பட்டனை அமுக்கினால் கருகிவிடும். கருகின காயிலை எடுத்துப் போட்டுவிட்டு வேறு காயில் மாட்டுவார்கள் எல்லோரும். அவர் மாட்ட மாட்டார்.

மற்றவர்கள் ஒரு வாரத்தில் தூக்கிப் போடுவதை அவர் மாதக்கணக்கில் ஓட்டினார். அதற்கென்று அவருக்கு ஒரு முறை இருந்தது. புதுக் காயிலின் ஓட்டைகளில் லிக்விட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பஞ்சை முதலில் நனைப்பார். டேங்கை நிரப்பிய பிறகும் உடனே பட்டனைத் தொட மாட்டார். மேஜையில் நிறுத்திவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் பட்டனை அமுக்காமல் வெறுமனே நாலைந்து இழுப்பு. அதற்கப்புறம்தான் சூடு, அதுவும் குறைவாக. ஒரு தடவை இழுத்தால் அடுத்த இழுப்புக்கு நல்ல இடைவெளி விடுவார். டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்க விட மாட்டார். மாம்பழ லிக்விட்டில் இனிப்பு அதிகம், இனிப்பு கம்பியில் கருப்பாக ஒட்டிக்கொள்ளும், ஆகவே வாசனையில்லாத இன்னொரு லிக்விட்டைக் கலந்து இனிப்பைக் குறைப்பார். ருசி மாறினாலும் விட்டுவிட மாட்டார். வெந்நீரில் அலசி, ஊதி, ஏசி காற்று விழும் இடத்தில் டிஷ்யூ மேல் காயவைப்பார். முழுக்கக் காயும் வரைக்கும் இழுக்காமல் பொறுத்திருப்பார்.

முதல் நாள் நான் வாய் பிளந்து பார்த்தது உண்மைதான். அப்போதுதான் அந்த வாசகத்தை முதல்முதலாகக் கேட்டேன்.

"பஞ்சு நல்லா குடிக்கணும் தங்கச்சி. அது குடிக்கதுக்கு முன்ன நாம அவசரப்பட்டா கரிஞ்சிரும்லா."

குரலை உயர்த்தாமல், சிரித்த முகமாகச் சொன்னார். அவருடைய எல்லாப் பேச்சும் அப்படித்தான். சத்தம் போடுகிற மனிதரிடம் சண்டை போடலாம். அவரிடம் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பார், கேட்டுவிட்டு இருந்த இடத்திலேயே இருப்பார்.

காயிலோடு விட்டிருந்தால் எனக்கென்ன? அவர் கைக்குப் போன எந்தப் பொருளும் முடிவுக்கு வராது. ஒரு டீ பேக்கைக் காலையில் போட்டு, பிழிந்து, சாசரில் வைத்து, சாயங்காலம் மறுபடியும் போடுவார். சோப்புத் துண்டு கரைந்து இலை மாதிரி ஆனதும் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டவைப்பார். பேஸ்ட் டியூபைக் கத்தரித்து உள்ளே பிரஷ்ஷை விட்டு வழிப்பார். இதெல்லாம் சிக்கனம் என்று நீங்கள் சொல்லலாம். நானும் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அந்த டியூப் என்னுடையது. நான் குப்பையில் போட்டதை எடுத்து வழித்து, கழுவி, திரும்ப பாத்ரூம் தட்டில் நிற்கவைத்து, "இன்னும் ஓடும் தங்கச்சி" என்று என்னிடமே சொல்வார். என் வீட்டுக் குப்பைக்கூடைக்குள் என்ன போகலாம், எப்போது போகலாம் என்பதைத் தீர்மானிக்க அவர் யார்?

இப்படித்தான் வந்த விசிட் விசாவையும் ஓட்டினார். குவைத்தில் மங்காஃப் பக்கம் ஒரு கம்பெனியில் பல வருஷம் ஸ்டோர் பார்த்தவர். கம்பெனி மூடியதும் ஊருக்குப் போய், அங்கிருந்து எங்களிடம் வந்தார். "ஒரு வேல கெடச்சதும் கம்பெனி கேம்புக்குப் போயிருவேன்" என்று சொல்லித்தான் ஹாலில் பெட்டியை வைத்தார். சோபாவுக்குப் பக்கத்தில் மெத்தையைப் போட்டு, ஜன்னல் கம்பிக்கும் டிவி ஸ்டாண்டுக்கும் நடுவில் கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டோம். விசா முடியப்போகும் ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்காரர் மெதுவாக, "அத்தான், விசா..." என்று ஆரம்பிப்பார். "எக்ஸ்டென்ஷன் போட்டுக்கிடலாம்லா" என்று அவர் அதைவிட மெதுவாக முடித்துவைப்பார். மறுநாள் விசா மனு அடித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டரில் போய் நிற்பது என் வீட்டுக்காரர்தான்.

வேலை கிடைக்காமல் இல்லை. இவர் வேலை செய்யும் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு குடோனுக்கு ஸ்டோர் கீப்பர் வேண்டுமென்று தெரிந்ததும், அங்கிருந்த மேனேஜரின் கையைக் காலைப் பிடித்து இன்டர்வியூ வாங்கிக்கொடுத்தார். அன்று நான்தான் அண்ணாச்சியின் சட்டையை இஸ்திரி போட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கே திரும்பி வந்துவிட்டார்.

"என்ன அத்தான், என்ன சொன்னாவ?"

"நாளைக்கே ஜாயின் பண்ணுங்கான் மாப்ள. இவ்வளவு அவசரப்படுதவன் கம்பெனி நிக்காது. நல்லதா வரும், பொறுப்போம்."

இவர் டியூட்டிக்குத் திரும்பிப் போனார். நான் ரசத்தை அவர் தட்டில் ஊற்றினேன். அவர் பொறுமையாகப் பிசைந்து சாப்பிட்டார், இரண்டாம் தடவை சோறு கேட்டார்.

அப்போது நான் முழுகாமல் இருந்தேன். பாப்பா பிறப்பதற்குள் போய்விடுவார் என்று நினைத்தேன். பிறந்தாள். பேர் வைப்பதற்குள் போய்விடுவார் என்று நினைத்தேன். பேர் வைக்கும்போது பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போட்டோவில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அந்தப் போட்டோவை நான் ஃப்ரேம் போடவில்லை.

நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருந்தேன். லீவு முடிந்ததும் திரும்பிப் போகாவிட்டால் அந்த நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். இங்கே கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வேலைக்குப் போக வேண்டுமென்றால் ஊரிலிருந்து அம்மா வந்து இருக்க வேண்டும். இல்லையென்றால் பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிட்டு வீடியோ காலில் வளர்க்க வேண்டும். எங்கள் பில்டிங்கிலேயே அப்படி அனுப்பிவிட்டு, ஃபோனில் பிள்ளையின் தூக்கத்தைப் பார்த்துக்கொண்டு மாவு அரைக்கிறவர்கள் உண்டு. நான் அதைச் செய்ய மாட்டேன் என்று முதல் மாதத்திலேயே இவரிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா வரத் தயார்தான். "ஆனா அந்த வீட்டு மாப்பிள்ள ஹால்ல படுத்துக் கெடக்காவ, நான் வந்து எங்கட்டி படுக்க?" என்றாள். எங்களுக்கு இருந்தது ஒரு ஹால், ஒரு பெட்ரூம். அம்மா கேட்டதில் தப்பில்லை.

"நீங்க அவுககிட்ட சொல்லுங்க" என்றேன் இவரிடம்.

"அத்தான்கிட்ட நான் எப்படிச் சொல்ல? அக்கா அங்க கஷ்டப்படுவா" என்றார் இவர்.

அக்கா என்றால் என் மைனி. வள்ளியூர்ப் பக்கம் இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்தாள். வாரத்துக்கு ஒரு தடவை என்னிடம் பேசுவாள். மூத்தவள் ப்ளஸ் டூ எழுதியிருக்கிறாள், நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள் என்பாள். கடைசியில் மறக்காமல், "அவுகள இன்னும் கொஞ்ச நாள் அங்ஙனயே வச்சிக்கிடுங்க, என்ன?" என்பாள். ஃபோனை வைத்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தம்பி பொண்டாட்டி வீடு இவர்களுக்கு சத்திரமா என்று அடுப்பைப் பார்த்துக் கேட்பேன்.

கடைசியில் ஒரு நாள் நானே வாயைத் திறந்தேன். அம்மா வர வேண்டியிருக்கிறது அண்ணாச்சி என்று மட்டும் சொன்னேன். அவர் டேங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"அம்மய என்னத்துக்கு இந்த வெயில்ல அலைக்கழிக்கிய? பிள்ளைய ஊருக்கு அனுப்பிருங்க. நாலு வயசானதும் கூட்டிக்கிடலாம்லா. அவசரப்படாதீங்க."

அன்றைக்கு எனக்கு அவர் மேல் இருந்த எரிச்சல் வெறுப்பாக மாறியது. என் மார்பில் பால் கட்டி வலித்துக்கொண்டிருந்த நேரம் அது. அவர் அந்த டிஷ்யூவை மடித்து, இன்னொரு தடவை துடைக்க உதவுமென்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பாப்பா அவரிடம் அழ மாட்டாள். தோளில் போட்டுக்கொண்டு, ஏதோ முணுமுணுத்தபடி ஹாலில் நடப்பார். அவள் தூங்கின பிறகும் கீழே போட மாட்டார், தூக்கம் ஊற வேண்டும் என்பார். பாப்பா இருக்கும் அறையில் வேப் இழுக்கவும் மாட்டார். பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொள்வார். ஆகஸ்ட் வெயிலில்கூட அங்கே நின்று வேர்த்து வழிய இழுத்துவிட்டு வருவார். ஆகவே யாரிடம் சொன்னாலும், "நல்ல மனுஷராத்தானே இருக்கார்" என்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஆமாம் என்பேன்.

அம்மா வருவதற்குள் நான் பாப்பாவைப் பாலாடைக்குப் பழக்க ஆரம்பித்தேன். பாட்டில் ரப்பரை அவள் நாக்கால் தள்ளிவிட்டாள். பாலாடை, பிள்ளைகளுக்குப் பால் புகட்டுவதற்கென்றே மூக்கு வைத்த சின்ன வெள்ளிக் கிண்ணம். அம்மா அதை ஊரிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டிருந்தாள். பாலைப் பீய்ச்சி அதில் எடுத்து, மூக்கை உதட்டோரம் வைத்தால், பாப்பா சப்புக்கொட்டிக் குடித்தாள். எனக்கு உயிர் வந்தது. நான் இல்லாதபோதும் என் பாலை அவள் குடிப்பாள், நான் வேலைக்குப் போகலாம், அவள் என்னோடே இருக்கலாம்.

கொஞ்ச நாளில் அது நின்றது. பாலாடையைக் கிட்டே கொண்டுபோனாலே மூக்கைச் சுளித்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டாயப்படுத்திப் புகட்டினால் துப்பினாள், கக்கினாள். நேரே மார்பில் போட்டால் குடித்தாள். என் சாப்பாட்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து மீனை விட்டேன், பூண்டை விட்டேன், கடைசியில் வெறும் கஞ்சிக்கு வந்தேன். லீவு முடிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. "பிள்ள குடிக்கலன்னா அம்மா வந்தும் என்ன பிரயோஜனம்? ஊருக்கு அனுப்புறதப் பத்தி யோசிப்போமா?" என்று இவரே ஒரு தடவை கேட்டுவிட்டார். நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வெளியே வந்தபோது அவர் ஹாலில் இருந்தார். கண் சிவந்திருப்பதைப் பார்த்தார்.

"பழகிரும் தங்கச்சி. பிள்ள நாக்கு படிய நாளாகும். அவசரப்படாதீங்க" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். இவர் ஜும்மா நேரக் கூட்டம் கலைந்த பிறகு கடைக்குப் போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாப்பாவுக்குப் பால் எடுக்கப் பாலாடையைத் தேடினேன். வெந்நீர்ப் பாத்திரத்தில் இல்லை. காயவைக்கும் தட்டில் இல்லை. பால்கனிக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். துணி காயப்போடும் ஸ்டாண்டின் தட்டில் டிஷ்யூ, டிஷ்யூ மேல் காயில், பக்கத்தில் இரண்டு லிக்விட் பாட்டில். அவர் கையில் என் பிள்ளையின் பாலாடை. அதை மெதுவாகச் சாய்த்து, மூக்கு வழியாகக் காயிலின் ஓட்டையில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார்.

கதவை இழுத்துத் திறந்து பாலாடையைப் பிடுங்கினேன். உள்ளே மஞ்சளாகக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தேன். மாம்பழம், அதோடு மண்டையில் ஏறுகிற ஐஸ் மிட்டாய்க் குளிர்ச்சி.

"என்ன அண்ணாச்சி இது?"

அவர் பதறவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"ரெண்டு லிக்விடையும் கலக்கணும்லா. பாட்டில் மூக்கால விட்டா குமிழி வருது. இதுல அளவா, அழகா வருது. சோலி முடிஞ்சதும் வெந்நில நல்லா அலசித்தான் வைக்கேன்."

"எத்தன நாளா?"

"அது இருக்கும் கொஞ்ச நாளா" என்றார். "வெள்ளில ஒண்ணும் பிடிக்காது தங்கச்சி."

ஒன்றும் பிடிக்காதாம். நான் கஞ்சி குடித்து என் பாலைச் சந்தேகப்பட்ட நாளெல்லாம் அவர் பாலாடையின் மூக்குக்குள் அந்தக் கருமத்தை ஊற்றி ஊற்றி எடுத்திருக்கிறார். என் பிள்ளைக்கு அது தெரிந்திருக்கிறது. அதனால்தான் முகத்தைத் திருப்பினாள். பேச முடியாத அவள் தன்னாலானதைச் சொல்லியிருக்கிறாள், எனக்குத்தான் புரியவில்லை.

டாக்ஸி பிடித்து கிளினிக்குக்கு ஓடினோம். டாக்டர் ஒரு மலையாளி அம்மா. பாப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார். அந்த லிக்விட்டில் நிக்கோடின் உண்டு, குழந்தைகளுக்கு விஷம், நல்லவேளையாகப் பாப்பா நன்றாகத்தான் இருக்கிறாள், வாந்தியோ சோர்வோ தெரிந்தால் உடனே கொண்டுவாருங்கள் என்றார். கக்கினதெல்லாம் அதனாலா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். "ஆ பாத்ரம் இனி தொடண்டா" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். அந்தப் பாத்திரத்தை இனித் தொடக் கூடாதாம்.

திரும்பி வரும்போது காரில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தான் வேணும்னு செய்யல. இந்த வாரம் போகட்டும், நான் பக்குவமாச் சொல்லுதேன். நாமளும் அவசரப்பட வேண்டாம்" என்றார். அந்த மனிதரின் வாசகம் என் புருஷன் வாயிலிருந்தே வருகிறது. கையை உருவிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால், அவர் மேஜையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடின நேரத்தில் அந்தக் காயிலை மாட்டி, டேங்கை நிரப்பி நிறுத்தியிருந்தார். பஞ்சு குடித்துக்கொண்டிருந்தது.

"என்ன சொன்னாவ டாக்டர்? ஒண்ணுமில்லன்னுதான சொல்லியிருப்பாவ?" என்றார்.

நான் பாப்பாவை இவர் கையில் கொடுத்தேன். வேப்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். டேங்கைக் கழற்றி சிங்க்கில் கவிழ்த்தேன். குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். காயிலை டிஷ்யூவில் வைத்துப் பஞ்சில் இருந்ததெல்லாம் வரும்வரை வாயால் ஊதி உதறினேன். மறுபடி மாட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்து, அவர் கண்முன்னால் பட்டனை அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் சூடு தானாக நின்றது. மறுபடியும் அமுக்கினேன்.

அவர் எழுந்துவிட்டார். "ஏ தங்கச்சி! என்ன செய்தீய? டேங்க் காலி! விடுங்க... ஏ விடு! விடுங்கேன்லா!"

வந்த நாளிலிருந்து அந்தக் குரலை நாங்கள் யாரும் கேட்டதில்லை. பாப்பா திடுக்கிட்டு அழ ஆரம்பித்தாள். அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு என் கையைப் பிடிக்க வந்தார். பிள்ளையின் பாலாடையில் விஷத்தைக் கலக்கும்போது வராத பதற்றம் பஞ்சுக்கு வந்தது. நான் விடவில்லை. கருகின நாற்றம் ஹால் முழுக்கப் பரவிய பிறகுதான் வேப்பை மேஜையில் வைத்தேன்.

அவர் காயிலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கரிஞ்சிட்டு" என்றார் இவரைப் பார்த்து. கண்ணில் தண்ணீர் இருந்தது. பாப்பா இவர் தோளில் கத்திக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் அவர் திரும்பவேயில்லை.

என் புருஷன் அவரையும் பார்த்தார், அந்தக் கரித்துண்டையும் பார்த்தார். பிறகு பாப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டே, "அத்தான், நாளைக்குக் காலைல டிக்கெட் போடுதேன். ஊருக்குக் கெளம்புங்க" என்றார். பார்வை பாப்பாவின் முதுகில்தான் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டார்.

பெட்டி கட்ட நானும் உதவினேன். கட்டாமல் விட்டால் அதற்கும் ஒரு வாரம் ஆக்குவார். அடியில், துண்டுக்குள் சுற்றி, புதுக் காயில் பாக்கெட்டுகள் இருந்தன. பிரிக்காதவை, கை நிறைய. இல்லாத கொடுமையால் ஒரு மனிதர் ஒன்றையே அலசி அலசி ஓட்டினார் என்று நான் எந்த நேரத்திலாவது இரக்கப்பட்டிருந்தால், அந்த இரக்கத்தையும் அங்கேயே மடித்து அவர் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் இவர் அவரை ஏர்போர்ட்டில் விடப் போயிருந்தார். நான் கயிற்றை அவிழ்த்துப் போர்வையை மடித்தேன். ஹால் அவ்வளவு பெரியது என்று மறந்தே போயிருந்தது. அம்மாவுக்கு ஃபோன் போட எடுத்தபோது மைனியின் கால் வந்தது. சரி, வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். சொல்லவேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"அவுக இங்கயா வாராவ?" என்றாள் எடுத்ததும். "நேத்து சொன்னாவ. நெசமாவா? ஏறியாச்சா?"

"ஏறியிருப்பாவ மைனி. உங்க தம்பி விடப் போயிருக்காவ. நான்தான் அனுப்பச் சொன்னேன்" என்றேன்.

அந்தப் பக்கம் மைனி அழ ஆரம்பித்தாள்.

"உன்னக் குத்தம் சொல்லலட்டி. இன்னும் ரெண்டு நாள் பிடிச்சு வச்சிருக்கப்படாதா? பெரியவளுக்கு பாளையங்கோட்டைல நர்சிங் சீட்டு கெடச்சிருக்கு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சேக்கணும். அவுக, 'நான் வந்து பாத்துக்கிடுதேன், அதுவரைக்கும் யாரும் எங்கயும் போகண்டாம், அவசரப்பட்டா எல்லாம் கரிஞ்சிரும்'ன்னு சொல்லிட்டாவ. போன வருசம் பக்கத்து வீட்டுல நல்ல எடம்னு எனக்குத் தையல் கடை வைக்கக் கேட்டதுக்கும் இதத்தான் சொன்னாவ. எடம் போயிட்டு. அதுக்குத்தான் அவுக அங்ஙனயே இருக்கட்டும்னு உன்கிட்ட கெஞ்சுனேன். பிள்ளைய மட்டுமாவது சேத்துப்புடலாம்னு பாத்தேன்."

மாதக்கணக்கில் அடுப்பைப் பார்த்து நான் திட்டியது இந்தப் பெண்ணைத்தான். அதை நினைத்து அழ நேரமில்லை.

"மைனி, அழாதீங்க. சர்டிபிகேட் எல்லாம் வீட்டுல இருக்கா?"

"இருக்கு."

"பிளைட்டு திருவனந்தபுரத்துல எறங்கவே மத்தியானம் தாண்டிரும். அவுக டாக்ஸி பிடிக்க மாட்டாவ."

"மாட்டாவ" என்றாள் மைனி. அழுகை நின்றிருந்தது.

"தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, கூட்டமில்லாத பஸ்ஸுக்குக் காத்துக்கெடப்பாவ."

"ஆமா. ஜன்னல் சீட்டு இருந்தாத்தான் ஏறுவாவ. நாகர்கோவில்ல எறங்கி ஒரு டீ குடிப்பாவ."

"அப்ப இருட்டுனப் பெறகுதான் வீடு வருவாவ. நீங்க பிள்ளையக் கூட்டிக்கிட்டு இப்பமே கெளம்புங்க. பஸ்ஸப் பாத்து நிக்காதீங்க, ஆட்டோ பிடிங்க. அவசரமாப் போங்க மைனி."

"போறேன்ட்டி" என்றாள். செருப்புச் சத்தம் கேட்டது. ஃபோனை வைக்கக்கூட மறந்து, மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வாசலுக்கு ஓடினாள்.

சாயங்காலம் அந்தப் பிள்ளை எனக்கு வாட்ஸ்ஆப்பில், "சேந்தாச்சு அத்தை" என்று அனுப்பினாள். கீழே காலேஜ் வாசலில் அம்மாவும் மகளுமாக, தலையெல்லாம் கலைந்து நிற்கும் ஒரு படம். அந்தப் படத்தை நான் ஃப்ரேம் போட்டு வைத்திருக்கிறேன். என் அம்மா அதற்கடுத்த வாரம் வந்தாள், ஹாலில் படுத்தாள். வேறொரு பாலாடை கொண்டுவந்தாள். பாப்பா இரண்டாம் நாளே அதில் குடித்தாள், நான் வேலைக்குப் போனேன். பாப்பா இப்போது இங்கே ஸ்கூலுக்குப் போகிறாள், என்னிடம் பாதி இங்கிலீஷில் வாயடிக்கிறாள்.

அன்று அவர் வீடு போய்ச் சேரும்போது தெருவிளக்கு போட்டுவிட்டார்களாம். மைனி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்த பிறகு கேட்டாராம்.

"காலேஜ் விசயத்துல ஒண்ணும் அவசரப்படலியே?"

"இல்ல" என்றாளாம் மைனி. "நாலு மணிக்கே முடிஞ்சிட்டு."